ஒரே சாய்வு, ஒரே இழுப்பு

துணியின் சதுரக் கட்டம் ஒன்றுக்குள் மூலைக்கு மூலையாக இரண்டு கால்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அது கிராஸ் ஸ்டிச். பூத்தையல் வகைகளில் இதைவிட எளிதானது அரிது. கற்றுக்கொள்ளக் கால் மணி நேரம் போதும். ஆனாலும் ஒரே படத்தை ஒரே துணியில் ஒரே நூலால் இருவர் தைத்தால், ஒன்று அச்சடித்ததுபோல் இருக்கும். மற்றொன்றைப் பார்த்தவர்கள் "என்னவோ சரியில்லை" என்பார்கள். எந்தக் கட்டம் சரியில்லை என்று கேட்டால் அவர்களால் காட்ட முடியாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

இதற்கான விளக்கம் பார்க்கிறவரின் கண்ணில் இருக்கிறது. அடுத்தடுத்த இரு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய மனிதக் கண்ணுக்கு ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு இடைவெளி வேண்டும். ஆனால் ஒரு நேர்கோடு நடுவில் விலகி ஒடிந்திருந்தால், அந்த விலகல் இதில் பத்தில் ஒரு பங்காக இருந்தாலும் கண் பிடித்துவிடும். இதற்கு வெர்னியர் கூர்மை என்று பெயர். கையில் வைத்துப் பார்க்கும் தூரத்தில் இது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. 1.8 மில்லிமீட்டர் கட்டங்கள் சுமார் 6 மீட்டர் தள்ளி நின்றால் ஒன்றோடொன்று கலந்து மறைந்துபோகும்; வரிசையில் உள்ள பிசகோ அதற்குப் பிறகும் நெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

அதனால் தையல் சுத்தமாக இருப்பதற்குக் கை நுட்பத்தைவிடக் கை மாறாமல் இருப்பதே முக்கியம். எல்லாத் தையலும் சற்றுத் தளர்வாக இருந்தால் அது ஒரு பாணி. தொண்ணூறு இறுகியிருந்து பத்து மட்டும் தளர்ந்திருந்தால் அந்தப் பத்தில்தான் பார்வை போய் நிற்கும். நூலின் முறுக்கு, துணியின் விறைப்பு, காலின் சாய்வு, கையின் இழுப்பு ஆகிய நான்கும் தைக்கத் தைக்க மாறிக்கொண்டே போகும். இந்தத் தொழிலின் நுணுக்கங்களில் பெரும்பாலானவை இந்த நான்கையும் அடக்கி வைக்கும் வழிகள்தாம்.

முதலில் துணி. கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே நெய்யப்படும் ஐடா துணியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஸ்வைகார்ட் நிறுவனம் கொண்டுவந்தது. அதில் இழைகள் கொத்துக்கொத்தாகப் போகும். நான்கு கொத்துகள் சந்திக்கும் இடத்தில் ஊசி நுழையத் தெளிவான கண் இருக்கும். 14 கவுண்ட் என்றால் அங்குலத்துக்கு 14 கட்டம், ஒரு கட்டம் 1.8 மில்லிமீட்டர். 140 கட்ட அகலமுள்ள படம் 14 கவுண்டில் 10 அங்குலம் வரும். 18 கவுண்டில் 8 அங்குலத்துக்குச் சற்றுக் குறையும். தமிழ்நாட்டுக் கடைகளில் மேட்டி துணி என்று விற்பதும் இதன் உறவுதான். பாவிலும் ஊடையிலும் இழைகள் இரண்டிரண்டாகவோ அதற்கு மேலாகவோ சேர்ந்து போகும் நெசவு அது. ஆனால் கண் அவ்வளவு தெளிவாக இராது, துணியும் நெகிழும். வாங்கும்போதே அளவுகோலை வைத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கட்டம் என்று எண்ணிவிடுவது நல்லது. இரண்டும் வேறுபட்டால் தைத்த சதுரம் நீள்சதுரமாகும், நிலா முட்டையாகும். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் இதைத் திருத்த முடியாது.

படத்தைச் சுற்றி மூன்று அங்குலமாவது விட்டு வெட்டி, ஓரம் பிரியாமல் சுற்றித் தைத்துக்கொள்ள வேண்டும். துணியை நான்காக மடித்தால் நடுப்புள்ளி கிடைக்கும். அங்கிருந்து பத்துப் பத்துக் கட்டமாக ஓட்டுத்தையல் கோடுகள் போட்டுவிட்டால் எண்ணிக்கை தவறாது. இந்தக் கோடுகளுக்குச் சாதாரண நூலை எடுத்தால் தைக்கும்போது ஊசி அதைக் குத்திப் பிளந்துவிடும். பிறகு உருவ வராது. மெல்லிய தூண்டில் நரம்பில் ஊசி ஏறாது. வேலை முடிந்ததும் ஓர் இழுப்பில் வந்துவிடும்.

ஊசி மொண்ணை முனை உள்ளதாக இருக்க வேண்டும். கூர்முனை ஊசி துணியின் கண்ணைத் தேடாது. எதிர்ப்பட்ட இழையைக் குத்திக்கொண்டு போகும். மொண்ணை முனை இழையை விலக்கிவிட்டுத் துளைக்குள் வழுக்கி இறங்கும். 14 கவுண்டுக்கு 24ஆம் எண், 18 கவுண்டுக்கு 26ஆம் எண் என்பது வழக்கம். எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும். தடித்த ஊசி கண்ணை அகலப்படுத்திவிட்டால் தையலைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் நிற்கும்.

நூல்தான் இதில் சிக்கலான பொருள். கடையில் ஆறு பிரியாகக் கிடைக்கும் பூத்தையல் நூலின் பளபளப்பு பருத்திக்கு இயற்கையாக அமைந்ததன்று. பருத்தி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் தட்டையாகவும் முறுக்கிய நாடாவைப் போலவும் இருக்கும். அதன்மேல் விழும் ஒளி பல திசைகளில் சிதறும். இங்கிலாந்தின் லங்காஷயரில் துணி அச்சுத் தொழிலில் இருந்த ஜான் மெர்சர் 1844இல் பருத்தியைக் கடும் காஸ்டிக் சோடா கரைசலில் நனைத்துப் பார்த்தார். இழை உப்பி உருண்டது, வலுத்தது, சாயத்தையும் நன்றாகப் பிடித்தது, ஆனால் சுருங்கியது. 1850இல் அவர் காப்புரிமை பெற்றபோதும் அந்தச் சுருக்கத்தால் தொழில் வட்டாரம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1890 வாக்கில் ஹோரஸ் லோ என்பவர் நூலை இழுத்துப் பிடித்தபடியே அந்த வேலையைச் செய்தார். சுருக்கம் நின்றது, மழமழத்த உருளையான இழைகள் பட்டுபோல் மின்னின. கிராஸ் ஸ்டிச்சின் அழகு பெரும்பாலும் இந்த மினுக்கில்தான் இருக்கிறது. தையல் கோணலானால் முதலில் கெடுவதும் இதுவே.

ஆறு பிரி நூலில் 14 கவுண்ட் துணிக்கு இரண்டு பிரி போதும். இரண்டையும் சேர்த்து உருவினால் மீதி நான்கும் திரண்டு முடிச்சிட்டுக்கொள்ளும். முறுக்கிய கட்டிலிருந்து இரண்டு பிரி ஒன்றாக விலகும்போது, அவிழ இடமில்லாத முறுக்கெல்லாம் கீழே போய்ச் சேர்வதே இதற்குக் காரணம். ஒரு பிரியை மட்டும் நுனியில் பிடித்து நேர் மேலே உருவினால் மற்ற ஐந்தும் சுருண்டு கீழே இறங்கும். பிரி முழுதும் வந்தபின் தாமே நீண்டுகொள்ளும். இப்படி ஒவ்வொன்றாக எடுத்த இரண்டு பிரிகளை மறுபடி சேர்த்தே ஊசியில் கோக்க வேண்டும். வீண் வேலையாகத் தோன்றினாலும், பிரிந்து சேர்ந்த நூல் கட்டத்தில் விரிந்து படியும். பிரிக்காத நூல் கயிறாகவே நின்று ஓரத்தில் துணியைக் காட்டும்.

நூலின் நெளிவை எடுக்க ஈரப் பஞ்சில் ஒருமுறை தொட்டு இழுத்து உலர விடுவார்கள். பருத்தியின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் தளர்த்தும். உலரும்போது நேரான நிலையில் புதிய பிணைப்புகள் உண்டாகும். இஸ்திரி போடும் முன் நீர் தெளிப்பதும் இதே காரணத்தால்தான். சாயம் கசியக்கூடிய கருஞ்சிவப்பிலும் கருநீலத்திலும் மட்டும் இதைச் செய்வதற்கு முன் வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும்.

நூலை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது? முழங்கை அளவு என்று பெரியவர்கள் சொல்வது கணக்கிலும் சரியாக வருகிறது. 14 கவுண்டில் ஒரு முழுத் தையலுக்கு முன்பக்கம் இரண்டு மூலைவிட்டங்கள், பின்பக்கம் இரண்டு நேர்க்கோடுகள், துணியின் தடிப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நூல் செலவாகும். ஒவ்வொரு தையலிலும் நூல் துணிக்குள் நான்கு முறை புகுந்து வரும். 45 சென்டிமீட்டர் நூலில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 10 போனால் 35 தையல் வரும். கடைசித் தையலுக்குச் செல்லும் பகுதி அதற்குள் சுமார் 140 முறை துளைகளில் உரசியிருக்கும். 90 சென்டிமீட்டராக வெட்டினால் 320 முறை. ஒவ்வோர் உரசலிலும் சில நுண்ணிழைகள் எழும்பி நிற்பதால் அந்த நூல் மங்கி, பஞ்சு விட்டு, மெலிந்துபோகும். இதைவிடக் கடுமையாகத் தேய்வது ஊசிக்காதில் மடங்கியிருக்கும் இடம். அவ்வப்போது ஊசியைச் சற்று நகர்த்தி வைத்தால் தேய்மானம் ஓரிடத்தில் சேராது.

தைக்கும்போது விரல்களுக்கிடையே ஊசி தெரியாமலே உருளும். ஒவ்வொரு குத்திலும் கால் சுற்று, அரைச் சுற்று என்று முறுக்கு ஏறும் அல்லது அவிழும். முறுக்கு அளவுக்கு மீறினால், நூல் தளர்ந்த கணத்தில் தன்மேல் தானே சுருண்டு கண்ணி போட்டுக்கொள்ளும். திருகிய கம்பியில் தேங்கும் ஆற்றல் வளைவாக மாறி வெளிவருவது இயற்பியலில் நன்கு ஆராயப்பட்ட விஷயம், டி.என்.ஏ. இழை உயிரணுவுக்குள் சுருண்டுகொள்வதையும் இதே கணிதத்தால் விளக்குகிறார்கள். தைப்பவருக்கு வேண்டிய தீர்வு எளிது. பத்துப் பன்னிரண்டு தையலுக்கு ஒருமுறை துணியைக் கவிழ்த்து ஊசியைத் தொங்கவிட்டால், அது தானாகச் சுழன்று நின்றுவிடும். விழுந்த கண்ணி பெரும்பாலும் முடிச்சாக இருக்காது. பதறி இழுத்தால்தான் முடிச்சாகும். ஊசிமுனையைக் கண்ணிக்குள் விட்டு அசைத்தால் அவிழ்ந்துவிடும்.

இரண்டு பிரிகளும் கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. இதற்குக் கைவேலைக்காரர்கள் ஊசியை இறக்கும்போது இரண்டு பிரிகளுக்கும் நடுவில் விட்டு இறக்குவார்கள். பிரிகள் ரயில் தண்டவாளம்போல் இருபுறமும் ஒதுங்கிப் படியும். ஜப்பானியப் பூத்தையலில் நூலைத் தடவிப் படியவைப்பதற்கென்றே தெகோபாரி என்ற முனை மழுங்கிய கம்பி உண்டு. மொண்ணை ஊசி ஒன்று இடக்கையில் இருந்தாலும் போதும். எல்லாத் தையலுக்கும் இப்படிச் செய்ய நேரமில்லை என்றால், மேல்காலுக்கு மட்டுமாவது செய்யலாம். கண்ணில் படுவது அதுதான்.

மேல்காலின் சாய்வே இந்தக் கைவேலையில் மிக முக்கியமான விதி. படம் முழுவதும் மேல்கால் ஒரே பக்கமாகச் சாய வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். ஏன் என்று சொல்பவர்கள் குறைவு. உருளையான இழை தன்மேல் படும் ஒளியைப் பக்கவாட்டில் அகலமாக விரிக்கும். நீளவாக்கில் கண்ணாடியைப்போல ஒரே கோணத்தில் திருப்பும். ஆகவே ஜன்னலுக்குக் குறுக்கே கிடக்கும் நூலும் ஜன்னலை நோக்கிக் கிடக்கும் நூலும் ஒரே நிறமாக இருந்தாலும் ஒன்று வெளிறியும் மற்றது அடர்ந்தும் தெரியும். டமாஸ்க் துணியில் ஒரே நிற நூலால் பூ தெரியவைப்பது இந்த விளைவை வைத்துத்தான். கிராஸ் ஸ்டிச்சில் பத்துக் கட்டம் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அங்கே ஒரு கறை விழுந்ததுபோல் தோன்றும். விளக்கை வேறு பக்கம் வைத்தால் கறை வெளிச்சமாக மாறும். முதலில் சொன்ன "என்னவோ சரியில்லை" என்பதன் வேர் பல நேரங்களில் இங்கேதான் இருக்கிறது.

இந்தத் தவறு கவனக்குறைவால் நேர்வதைவிடத் துணியைத் திருப்பிப் பிடிப்பதால் நேர்வதே அதிகம். துணியைத் தலைகீழாகத் திருப்பினால் சாய்வு மாறாது. கால் சுற்று திருப்பினால் வலச்சாய்வு இடச்சாய்வாகிவிடும். துணியின் மேல்விளிம்பில் வண்ண நூலால் ஓர் அடையாளம் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

தைக்கும் வரிசையில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒரு வரிசை முழுதும் கீழ்கால்களைப் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மேல்கால்களைப் போடுவதை டேனிஷ் முறை என்பார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அங்கங்கே முடிப்பது ஆங்கில முறை. பெரிய ஒரே நிறப் பரப்புக்கு முதலாவதே மேல்: இழுப்பு சீராக வரும், பின்பக்கமும் நேர்கோடுகளாக நிற்கும். நிறம் அடிக்கடி மாறும் இடத்தில் இரண்டாவதே எண்ணிக்கைப் பிழையைத் தவிர்க்கும். எந்த முறையானாலும் ஊசியைக் காலியான துளையில் மேலேற்றி, ஏற்கெனவே நூல் உள்ள துளையில் இறக்குவது நல்லது. மாற்றிச் செய்தால் ஊசி மேலே வரும்போது பழைய தையலின் நுண்ணிழைகளையும் இழுத்து வரும். கறுப்பை அடுத்து வெள்ளை தைக்கும்போது வெள்ளை சாம்பலாவது இதனால்தான்.

இனி இழுப்பு. நூல் துணியில் படியும் வரை இழுத்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் துளை வாய் திறக்கும், கட்டம் ஒடுங்கும். துணி தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் இழுப்புக்கும் அது வேறு வேறு அளவு இணங்கும். அதனால்தான் வளையம் தேவைப்படுகிறது. உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிக்கொண்டால் பிடிப்பு கூடும், துணியும் வழுக்காது. ஆனால் பறைபோல் விறைக்க இழுத்துப் பூட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு: துணி தன் இயல்பைவிட நீண்ட நிலையில் தைக்கப்பட்டு, வளையத்தைக் கழற்றியதும் சுருங்கும், நூல்கள் சுருங்காமல் தளர்ந்து எழும்பும். இரவில் வளையத்தைக் கழற்றி வைக்காவிட்டால் தடம் விழும். வளையம் அழுத்தும் விளிம்பில் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் சேரும். மற்றபடி இழுப்பு என்பது மனநிலையையும் பொறுத்தது. கோபத்தில் தைத்த வரிசையைப் பல மாதங்கள் கழித்தும் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வரிசையை நடுவில் விட்டு எழுந்து போகாமல் முடித்துவிட்டு எழுவது இதனால் நல்லது.

வளையமே இல்லாமலும் இந்தச் சீர் கைகூடும் என்பதற்கு நீலகிரியின் தோடர் பெண்கள் சாட்சி. கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமாக அவர்கள் போடும் பூவேலைக்கு வரைபடமும் கிடையாது, சட்டமும் கிடையாது. இழைகளை விரலால் எண்ணி எண்ணித் தைப்பார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வட கர்நாடகத்தின் கசூதி வேலையும் இழை எண்ணித் தைப்பதுதான். அதில் மெந்தி எனப்படுவது கிராஸ் ஸ்டிச்சேதான்; கவந்தி என்னும் இரட்டை ஓட்டுத்தையலோ முன்னும் பின்னும் ஒன்றுபோலவே இருக்கும், முடிச்சுக்கு அங்கே இடமில்லை.

கிராஸ் ஸ்டிச்சிலும் முடிச்சைத் தவிர்க்கத்தான் வேண்டும். சட்டத்துக்குள் துணியை விறைத்து மாட்டும்போது ஒவ்வொரு முடிச்சும் முன்பக்கம் ஒரு பருவாக எழும்பும். இரண்டு பிரியில் தைப்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு: இரு மடங்கு நீளமுள்ள ஒற்றைப் பிரியை இரண்டாக மடித்து, இரு நுனிகளையும் ஊசியில் கோத்து, முதல் காலைப் போட்டுப் பின்பக்கம் வந்ததும் அங்கே நிற்கும் மடிப்புக் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்தால் நூல் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்பக்கத்து நான்கைந்து தையல்களுக்கு அடியில் நுழைத்து வெட்டிவிடலாம். வெற்றிடத்தைத் தாண்டி அடர்நிற நூலைப் பின்னால் இழுத்துச் சென்றால் வெள்ளைத் துணியின் முன்பக்கம் நிழலாகத் தெரியும். நான்கு கட்டத்துக்கு மேல் தாண்ட வேண்டியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல். பின்பக்கமும் முன்பக்கம்போல் இருக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு அவ்வளவு தேவையில்லை. கைக்குட்டைக்கும் மேசை விரிப்புக்கும் தேவை.

நிறத் தேர்வில் கண் செய்யும் ஏமாற்று ஒன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாரிஸின் கோபெலின் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரோயிடம், கறுப்பு நூல் போதிய கருமையாக இல்லை என்ற புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, அந்த நூலை அடுத்து வைத்த நிறங்களே அதை வெளிறக் காட்டின என்று அவர் கண்டார். அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839இல் நூலாகவே எழுதினார். அதனால் நூலைக் கண்டாக வைத்துப் பார்த்து முடிவு செய்யாமல், பக்கத்தில் வரப்போகும் நிறத்தோடு நாலைந்து கட்டம் தைத்துப் பார்ப்பதே சரி. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சைகள் பகலொளியில் வேறுபடுவதும் உண்டு. ஒளியில் கலந்துள்ள அலைநீளங்கள் மாறும்போது, வெவ்வேறு சாயங்கள் வெவ்வேறு விதமாகப் பதில் தருகின்றன. நூல் பாதியில் தீர்ந்து, அதே எண்ணில் வாங்கினாலும் சாயத் தொகுதி மாறியிருக்கலாம். பெரிய வானமோ கடலோ தைப்பவர்கள் முழுத் தேவையையும் ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் துவைப்பது, அழுக்குத் தெரியாவிட்டாலும் அவசியம். விரல்களின் எண்ணெய்ப் பசை இப்போது கண்ணுக்குத் தெரியாது. காற்றோடு வினைபுரிந்து ஆண்டுகள் போகப் போக மஞ்சளாகும். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பு போட்டு, தேய்க்காமல் அலச வேண்டும். சாயம் கசிந்தால் துணியைக் காயவிடவே கூடாது. நீர் தெளியும் வரை அலசிக்கொண்டே இருந்தால் போகும், காய்ந்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போட்டால், தையல்கள் துண்டுக்குள் புதைந்து நசுங்காமல் இருக்கும். கட்டக் கோடுகளைத் தையலாகப் போடாமல் பேனாவால் வரைந்திருந்தால், அது எந்தப் பேனா என்று இஸ்திரிக்கு முன் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நீரில் கரையும் மையில் சில, சூடு பட்டால் நிலைத்துவிடும். அதனால் துவைத்துக் கோடு போன பிறகே இஸ்திரி. சூட்டில் மறையும் மை வேறு வகை. அது சுமார் 60 டிகிரியில் நிறமிழக்கிறதே தவிர துணியை விட்டுப் போவதில்லை. பூஜ்யத்துக்குப் பத்து டிகிரிக்குக் கீழே போனால் மறுபடி தெரியத் தொடங்கும். மதுரையில் இருக்கும் வரை கவலையில்லை. டொராண்டோவில் உள்ள மகளுக்கு ஜனவரியில் பார்சல் அனுப்புகிறவர்கள் யோசிக்கலாம்.

சட்டம் போடும்போது கண்ணாடி தையலைத் தொடக்கூடாது. பருத்தி காற்றின் ஈரத்தில் தன் எடையில் ஏழெட்டு விழுக்காடு வரை நீரை ஏந்தியிருக்கும். குளிர்ந்த கண்ணாடியில் அது வியர்த்து, தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும். இடையில் கால் அங்குல அட்டை வைத்தால் போதும். பின்புறம் செய்தித்தாளோ அமிலம் கலந்த சாதாரண அட்டையோ வைத்தால் அதன் பழுப்பு துணியில் ஏறும். அமிலமில்லாத அட்டை சற்று விலை கூடுதல். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் எந்தச் சாயமும் வெளிறும். வெளிறுவது எல்லா நிறத்துக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதால், பார்த்துப் பார்த்துத் தேர்ந்த நிறப் பொருத்தம் முதலில் கலையும்.